முழுத் தாடையா, சின்னப் பரப்பா?

ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கத்து ஸ்கேன் சென்டர்களில் பல் டாக்டரின் சீட்டோடு வருகிறவர்கள், "எடுக்கிறதே எடுக்கிறோம், முழுசா எடுத்துடுங்கண்ணே" என்பார்கள். பல்லையும் தாடையையும் முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரேயான சிபிசிடி ஸ்கேனுக்கு அது பொருந்தாது.

முழுத் தாடையை எடுத்தால் படத்தின் ஒரு புள்ளி வழக்கமாக 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர். சுமார் 5 சென்டிமீட்டர் பரப்பில் எடுத்தால் 0.1-க்கும் கீழே இறங்கலாம். வேர் சிகிச்சைக்கு இந்த வித்தியாசம்தான் உயிர். மேல் கடைவாய்ப் பல்லின் ஒரு வேரில் பலருக்கு இரண்டாவதாக ஒரு மெல்லிய குழாய் ஓடும். அதைத் தவறவிட்டால், சிகிச்சை முடிந்த பிறகும் தொற்று திரும்பி வரலாம். பெரிய படத்தில் அந்தக் குழாய் வெறும் மங்கல் நிழல். சில சமயம் அதுகூட இல்லை. பரப்பு சுருங்கினால் சிதறும் கதிர் குறைந்து படமும் தெளியும், உடம்பு வாங்கும் கதிரும் பொதுவாகக் குறையும்.

ஆனால் புள்ளி சின்னதாக ஆக, படத்தில் இரைச்சல், அதாவது பொடிப் பொடியான மங்கல், ஏறும். அதை அடக்கக் கதிரைக் கூட்ட வேண்டும். நடுவில் எச்சில் விழுங்கித் தலை அசைந்தாலோ, நுணுக்கமெல்லாம் வீண்.

சரி, பெரிய பரப்பு யாருக்கு? தாடை அறுவை, இரு தாடையிலும் இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) என்றால் அதுதான். எலும்பின் உயரமும் நரம்பு போகும் பாதையும் தெரிய 0.3 மில்லிமீட்டர் புள்ளி தாராளம்.

ஒரே பல்லில் சிக்கல், சாதாரண எக்ஸ்ரேயில் பிடிபடவில்லை என்றால் சின்னப் பரப்பே சரி. சீட்டில் எந்தப் பல் என்று காட்டும் பல் எண் இல்லையென்றால், டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு அப்புறம் எடுங்கள்.