நானோகுழாய் அமோனியா உணரி: மூன்று ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

கார்பன் நானோகுழாய்களால், அதாவது கார்பன் அணுக்களாலான மிக நுண்ணிய குழாய்களால், ஆன அமோனியா உணரிகளை எங்கள் ஆய்வகத்தில் மூன்று ஆண்டுகளாக ஏறக்குறைய அன்றாடம் கையாண்டு வருகிறேன். அமோனியாவைக் கண்டுகொள்வதில் இவ்வுணரி ஒருநாளும் என்னை ஏமாற்றியதில்லை. கண்டுகொண்ட பின் பழைய நிலைக்குத் திரும்புவதில்தான் என் பொழுதும் பொறுமையும் கழிந்தன.

சீப்பின் பற்களைப் போல ஒன்றுக்குள் ஒன்று கோத்து நிற்கும் தங்க மின்முனைகளின் மேல், நானோகுழாய்கள் கலந்த நீர்மத்தில் ஒரு துளியை விட்டு உலர்த்தினால், விரல் நகத்தைவிடச் சிறிய சில்லில் மங்கிய கரும்படலம் படியும். உணரி என்பது அவ்வளவுதான். காற்றின் ஆக்சிஜன் படிந்திருப்பதால் இந்த நானோகுழாய்கள் பி வகைக் குறைக்கடத்திகளாக நடந்துகொள்கின்றன. அவற்றில் மின்னோட்டத்தைச் சுமப்பவை துளைகள், அதாவது எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்கள். எலக்ட்ரானைக் கொடுக்கும் இயல்புடைய அமோனியா வந்து ஒட்டியதும் துளைகள் குறைந்து மின்தடை ஏறுகிறது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹாங்ஜீ டாய் குழுவினர் ஒற்றைக் குழாயைக் கொண்டு இதைக் காட்டியபோது, 1 சதவீத அமோனியாவில் அதன் கடத்துதிறன் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகச் சரிந்தது. எங்கள் படலத்தில் உலோகத் தன்மையுள்ள குழாய்களும் கலந்திருப்பதால், 25 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 25 பங்கு) அளவுக்குச் சில சதவீத மாற்றமே கிடைக்கிறது. ஆயினும் நாள் முழுதும் வேலை செய்வோருக்கு அமெரிக்காவில் பரிந்துரைக்கப்படும் வரம்பே அந்த 25 பிபிஎம்தான் என்பதால், அதை அறை வெப்பநிலையிலேயே காட்டும் ஒரு படலத்தை நான் மிகவும் மதிக்கிறேன். உலோக ஆக்சைடு உணரிகளுக்குப் பொதுவாக 200 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும்.

அமோனியாவை நிறுத்தி நைட்ரஜனைச் செலுத்தியதும், திரையில் மின்தடையைக் காட்டும் கோடு முதலில் விரைந்து இறங்கும், பிறகு தயங்கும், அடிக்கோட்டுக்கு, அதாவது அமோனியா வருமுன் இருந்த நிலைக்கு, சற்று மேலேயே படுத்துவிடும். தளர்வாக ஒட்டிய மூலக்கூறுகள் உடனே போய்விடுகின்றன. குழாயின் குறைபாடுள்ள இடங்களிலும், அமிலத்தால் தூய்மைப்படுத்தியபோது உண்டான கார்பாக்சில் என்னும் அமிலத்தன்மையுள்ள அணுத்தொகுதிகளிலும் பிடித்துக்கொண்டவை எளிதில் விடுவதில்லை. இடங்கள் இப்படி நிரம்பியிருக்கும்போது கொடுக்கும் இரண்டாவது அளவு அமோனியாவுக்கு ஏற்றம் குறைவாகவே வரும். இதை உணராமல் முதல் சில மாதங்களில் அடுத்தடுத்து எடுத்த அளவீடுகளுக்குச் சராசரி கண்டு எழுதிய பக்கங்களைப் பின்னர் முழுவதுமாக நீக்க வேண்டியதாயிற்று.

புறஊதா விளக்கு மீட்சியை விரைவுபடுத்தியது உண்மை. ஆனால் அவ்வொளி அமோனியாவுடன் ஆக்சிஜனையும் பெயர்த்துவிடுவதால், நைட்ரஜனில் அடிக்கோடே வேறிடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. ஆகவே உலர்ந்த காற்றோட்டத்தில் 80 பாகை செல்சியஸுக்குச் சூடேற்றும் முறையையே நான் விரும்புகிறேன்.

இவை அனைத்தையும்விட எனக்குப் பாடமாக அமைந்தது, வாயுவை உணரிக்குக் கொண்டுவரும் குழாயிணைப்பு. ஓராண்டுக்கு மேலாக மீட்சி மந்தம் என்று உணரியையே குறைசொல்லிக்கொண்டிருந்தோம். ஒருநாள் எஃகுக் குழாயைக் கழற்றி, குட்டையான டெஃப்லான் குழாயை மாட்டியபோது, அதே சில்லின் கோடு முன்பைவிட வெகு விரைவில் இறங்கியது. எஃகின் உட்சுவரிலும் அதன் ஈரப்படலத்திலும் ஒட்டியிருந்த அமோனியாதான், வாயுவை நிறுத்திய பிறகும் சிறிது சிறிதாகக் கசிந்து உணரியை வந்தடைந்திருக்கிறது. எனவே மீட்சி நேரத்தைக் குறிப்பிடும் எவரும் தம் குழாயின் பொருளையும் நீளத்தையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

மழைக்காலத்தில் ஈரப்பதமும் மின்தடையை ஏற்றிக்காட்டுகிறது. அதனால் ஈரப்பத அளவியைச் சில்லுக்கு அருகிலேயே பொருத்தியுள்ளோம். இப்போது பயன்பாட்டில் உள்ள சில்லு பதினான்கு மாதங்களைக் கடந்துவிட்டது. அதன் அடிமின்தடை சற்று உயர்ந்திருக்கிறது; அமோனியாவுக்கு அது காட்டும் சதவீத ஏற்றம் ஏறக்குறைய அப்படியே உள்ளது. சூடாற்றிய பின் பத்து நிமிடம் கோடு அசையாமல் நிற்பதைப் பார்த்த பிறகே அடுத்த அளவு அமோனியாவைத் திறந்துவிடுகிறேன்.