தனிச் சங்கமா, மாநிலக் கூட்டமைப்பா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் முதியோர் சங்கத்தில் சில மாதங்களாக ஒரே கேள்வி: பகுதி அளவில் தனியாகவே மனுக் கொடுத்துக்கொண்டிருப்பதா, கர்நாடகம் முழுவதற்குமான கூட்டமைப்பில் சேருவதா?

தனியாக இயங்குவதில் கைமேல் பலன் உண்டு. பாத்திரம் தேய்த்தே விரல் ரேகை தேய்ந்துபோன ஒரு பாட்டி, கருவியில் நான்கு முறை பெருவிரலை அழுத்தியும் பதியாமல், ஓய்வூதியம் பெறாமலே திரும்பினார். மறுநாள் எங்களில் இருவர் உடன்சென்று கன்னடத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்த பிறகே பணம் கைக்கு வந்தது. இந்த நெருக்கம் பெரிய அமைப்புகளுக்கு எளிதில் வாய்க்காது.

ஆனால் அந்தத் தொகையை உயர்த்த எங்களால் இயலாது. முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு 79 வயது வரை மாதம் 200 ரூபாய், 80 வயது முதல் 500 ரூபாய் மட்டுமே. அதற்குமேல் எவ்வளவு சேர்ப்பது என்பதை மாநில அரசே முடிவு செய்கிறது. ஆதரவற்ற முதியோருக்காக மாவட்டந்தோறும் குறைந்தது 150 பேர் தங்கும் இல்லம் அமைக்க 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வகைசெய்திருப்பதும் மாநில அரசை நோக்கியே. பீதர் முதல் சாமராஜநகர் வரையுள்ள சங்கங்கள், நிதிநிலை அறிக்கை தயாராகும் முன்பே ஒரே கோரிக்கையுடன் மாநிலச் சட்டமன்றமான விதான சௌதாவுக்குச் சென்றால், அதைத் தட்டிக்கழிப்பது கடினம்.

கூட்டமைப்பில் தமிழ் மட்டுமே அறிந்த எங்கள் முதியவர்களின் குரல் அமுங்கிவிடுமோ என்ற அச்சம் நியாயமானதே. எனினும் சேருவதே சரி என்பது என் கருத்து. கன்னடம் சரளமாகப் பேசும் ஒருவரை எங்கள் பிரதிநிதியாக அனுப்பி, சனிக்கிழமை மனு எழுதித் தரும் மேசையையும் இங்கே விடாமல் நடத்த வேண்டும்.