இரண்டரை வருடமாக வாரம் ஒரு தட்டு: குழந்தைகளுக்கான காய்கறி மஃபின், என் அனுபவம்

முதல் தடவை செய்த மஃபினைக் குழந்தையும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. மேலே பொன்னிறமாகப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பிட்டால் நடுவில் களி. சுக்கினியை (வெள்ளரிக்காய் போல இருக்கும் ஒரு காய்) துருவி அப்படியே மாவில் கொட்டியிருந்தேன். இன்னும் பத்து நிமிடம் ஓவனில் வைத்துப் பார்த்தேன். ஓரம் கருகியதே தவிர நடுவில் இருந்த களி களியாகவே இருந்தது. மூத்தவளுக்கு அப்போது ஒன்பது மாதம். இப்போது அவளுக்கு மூன்றேகால் வயது, சின்னவனுக்குப் பத்து மாதம். நடுவில் சில வாரங்கள் விட்டுப்போனதைத் தவிர, வாரம் ஒரு தட்டாவது போட்டுக்கொண்டே இருக்கிறேன். செய்முறை எங்கே தேடினாலும் கிடைக்கும். ஆனால் நூறு தட்டுக்கு மேல் போட்ட பிறகு எது நின்றது, எது கழன்றது என்று யாரும் எழுதி நான் பார்க்கவில்லை, அதனால்தான் இது.

தண்ணீரிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் என் தோல்விகளில் முக்கால்வாசி அதனால் வந்தவை. சுக்கினியில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர், கீரையில் 90க்கு மேல், கெட்டியாகத் தெரியும் கேரட்டில்கூட 88 சதவீதம் அளவுக்கு இருக்கிறது. மாவில் கலந்து சூடு ஏறியதும் அந்தத் தண்ணீர் வெளியே வரும், மாவு வேகாமல் பசையாகிவிடும். பெரியவர்களுக்குச் செய்யும்போது துருவலில் உப்பைத் தூவி வைத்தால் தண்ணீர் தானாக விட்டுவிடும். குழந்தைக்கு அந்த வழி கிடையாது, கையால்தான் பிழிய வேண்டும். ஒரு மெல்லிய பருத்தித் துணியில் துருவலைக் கொட்டி, மூட்டையாக முறுக்கி, இனி சொட்டாது என்று தோன்றிய பிறகும் இன்னொரு முறுக்கு. கடைசி முறுக்கில்தான் ஆச்சரியப்படும் அளவுக்கு வரும். ஒரு தடவை அளந்து பார்த்தேன், இரண்டு கப் துருவல் ஒரு கப்புக்கும் குறைவாகச் சுருங்கியது. பிழிந்த தண்ணீரைக் கொட்டுவதில்லை, பாலில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு அந்த அளவுக்கு இதை ஊற்றுகிறேன். அளந்து ஊற்றும் தண்ணீர் தொல்லை செய்யாது, அளவு தெரியாமல் காய்க்குள் ஒளிந்திருப்பதுதான் செய்யும்.

இப்போது நான் நிலைத்திருக்கும் அளவு இது: முழுக் கோதுமை மாவு ஒரு கப், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், முட்டை இரண்டு, பால் அரை கப், எண்ணெய் கால் கப், பிழிந்த காய்கறி ஒரு கப், துருவிய சீஸ் அரை கப். மினி அச்சில் 24 வரும், பெரிய அச்சில் பத்து. 180 டிகிரி செல்சியஸில் மினிக்கு 14 நிமிடம், பெரியதற்கு 22 நிமிடம். விசிறி ஓடும் ஓவன் என்றால் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். முழுக் கோதுமை மாவு மெதுவாகத்தான் ஈரத்தை உறிஞ்சும், அதனால் கலந்ததும் பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு அப்புறம் அச்சில் ஊற்றினால் பிட்கும்போது உதிராது. வெண்ணெயையும் போட்டுப் பார்த்தேன். சூடாக இருக்கும்போது மணம் அபாரம், ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் கல். எண்ணெய் போட்டது மூன்றாம் நாளும் மெத்தென்று இருக்கிறது.

கலக்கும்போது கை நிற்க மாட்டேன் என்கிறது, அதுதான் பிரச்சினை. மாவுக் கட்டி தெரிந்தால் கரைத்தே தீர வேண்டும் என்று தோன்றும். கரைத்தால் கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் இறுகி ரப்பர் பந்துதான் கிடைக்கும். ஈரமானதையும் உலர்ந்ததையும் தனித்தனியாகக் கலந்து வைத்துக்கொண்டு, ஒன்றாகச் சேர்த்த பிறகு கரண்டியைப் பத்துப் பன்னிரண்டு சுற்று மட்டும் சுற்றுகிறேன். உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் போதும்.

அடுத்தது உப்பு. நான் தனியாக உப்பே போடுவதில்லை. ஒரு வயதுக்குள் நாளுக்கு 1 கிராமுக்குக் குறைவாகவும், ஒன்றிலிருந்து மூன்று வயது வரை 2 கிராம் வரையிலும் போதும் என்பது பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை சொல்லும் அளவு. சீஸில் உப்பு இருப்பது எல்லோருக்கும் தெரியும். பேக்கிங் பவுடர்தான் என்னை ஏமாற்றியது. ரொம்ப நாள் கழித்து ஒருநாள் டப்பாவைத் திருப்பிப் படித்தால், ஒரு டீஸ்பூனுக்கு 400 மில்லிகிராம் சோடியம் என்று இருக்கிறது. சோடியத்தை உப்புக் கணக்குக்கு மாற்ற 2.5 ஆல் பெருக்க வேண்டும். அப்படியென்றால் ஒன்றரை டீஸ்பூனில் ஒன்றரை கிராம் உப்பு, சீஸில் வருவதைவிட அதிகம். 24 மினி மஃபினுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 0.06 கிராம்தான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் நன்றாக உப்பி வரட்டும் என்று மூன்று டீஸ்பூன் போட்டுக்கொண்டிருந்தேனே, அந்தப் பழக்கத்தை அன்றே விட்டேன். மஃபின் சப்பென்று இருக்கிறது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள், சொல்லட்டும். அவர்களுக்கு மேலே தூவிக்கொள்ளத் தனியாக உப்பு வைத்திருக்கிறேன்.

காய்கறிகளில் கேரட் ரொம்ப சாது. மெல்லிய துளையில் துருவினால் போதும், வேகவைக்கத் தேவையில்லை. பெரிய துளையில் துருவினால் நார் நாராகப் பல்லில்லாத வாயில் மாட்டும். பூசணி, சர்க்கரைவள்ளி இரண்டையும் வேகவைத்து மசித்துப் போடுகிறேன், அந்த வாரம் எண்ணெயைப் பாதியாக்கினாலும் மஃபின் மெத்தென்று வருகிறது. ப்ரோக்கோலியை ஆவியில் வேகவைத்துப் பொடியாக நறுக்கிப் போடுவேன். ஆறிப்போனால் அதன் வாடை டப்பாவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும், அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். வெங்காயத்தை வதக்காமல் போட்டால் ஓவனில் வெந்தாலும் நறுக்கென்றே இருக்கும். முழு பட்டாணியும் முழு சோள மணியும் சின்னக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம், தொண்டையில் போய் அடைக்கும். மசித்துப் போடலாம்.

பீட்ரூட்டுக்குத் தனிக் கதை. மாவு கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு, படம் எல்லாம் எடுத்து வைத்தேன். வெந்து வெளியே வந்தால் பழுப்பு. அந்த நிறம் சூட்டில் தாங்காது என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். மறுநாள் சிவந்திருந்த டயப்பரைப் பார்த்து நெஞ்சு ஒரு நிமிடம் நின்றுவிட்டது, முந்தின நாள் தட்டு ஞாபகம் வந்த பிறகுதான் மூச்சு வந்தது. ஊதா முட்டைக்கோஸ் இன்னும் மோசம். பேக்கிங் பவுடரில் இருக்கும் சோடா காரத்தன்மை உள்ளது என்பதால் ஊதா நிறம் நீலப்பச்சையாக மாறிவிடும். பூஞ்சை பிடித்தது என்று நினைத்து என் கணவர் முழு டப்பாவையும் குப்பையில் போட்டுவிட்டார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

அச்சு விஷயத்தில் எனக்கு அபிப்பிராயம் மாறியிருக்கிறது. ஆரம்பத்தில் சிலிகான்தான் உசத்தி என்று சொல்லிக்கொண்டிருந்தேன், தலைகீழாகத் திருப்பி அமுக்கினால் மஃபின் தானாக விழும், அந்தச் சுகம் உண்மை. ஆனால் சிலிகானில் சூடு மெதுவாகத்தான் ஏறும், அடிப்பாகம் வெளுத்து ஈரமாகவே இருக்கும், ஈரக் காய்கறி மஃபினுக்கு அது நேர் எதிரி. ஒன்றரை வருடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, எவ்வளவு தேய்த்தாலும் போகாத ஒரு பழைய வாடை வந்துவிட்டது. இப்போது அதில் தண்ணீர் ஊற்றி ஐஸ் செய்கிறோம். உலோகத் தட்டில் ஒவ்வொரு குழிக்கும் எண்ணெய் தடவ வேண்டும், கழுவுவதும் வேலைதான், ஆனாலும் ஓரமெல்லாம் சிவந்து வருகிறது. காகிதக் கப் வாங்கி ஏமாறாதீர்கள். இனிப்பு கேக்கில் அழகாகப் பிரியும் காகிதம், சர்க்கரை இல்லாத இந்த மஃபினில் ஒட்டிக்கொண்டு பாதியை எடுத்துக்கொள்ளும். குழந்தை காகிதத்தோடு வாயில் போடுகிறதா என்று நாம் வேறு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வயதைப் பற்றிச் சொல்ல வேண்டும், முதல் குழந்தையிடம் நான் தவறவிட்டது இதைத்தான். ஆறேழு மாதக் குழந்தை உள்ளங்கையால் பிடிக்கும், விரல் நுனியால் கிள்ளி எடுக்க ஒன்பது மாதம் போலாகும். மினி மஃபினைக் கொடுத்தால் அது முழுவதும் முஷ்டிக்குள் போய்விடும், வாய்க்கு எதுவும் வராது, அழுகைதான் வரும். சின்னவனுக்கு அதே மாவைச் சதுரத் தட்டில் ஊற்றி, வெந்ததும் பெரியவர் விரல் நீளத்துக்குத் துண்டு போட்டேன். பாதி கையில், பாதி வெளியே நீட்டிக்கொண்டு இருந்ததால் அவனே கொண்டுபோய்ச் சப்பினான். உலர்ந்த மஃபின் மேலண்ணத்தில் அப்பிக்கொள்ளும், அதனால் முதல் சில மாதங்களுக்குப் பூசணிதான், பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர். நேராக உட்கார்ந்திருக்க வேண்டும், ஒருவர் எதிரே இருக்க வேண்டும், இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. போனைப் பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்வது உட்கார்ந்ததாகாது.

ஒவ்வாமையும் அப்படித்தான். இந்த ஒரு மஃபினுக்குள் முட்டை, பால், கோதுமை என்று ஒவ்வாமை தரக்கூடிய மூன்றும் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. மூத்தவளுக்கு எதையும் யோசிக்காமல் கொடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை, அது என் அதிர்ஷ்டம். உடம்பில் தடிப்பு வந்திருந்தால் எதனால் என்று கண்டுபிடித்திருக்கவே முடியாது. சின்னவனுக்கு மூன்றையும் தனித்தனியாக, சில நாள் இடைவெளியில், காலை வேளையில் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்த பிறகுதான் மஃபின். முட்டை ஆகாத வீட்டுக்கு ஒரு முட்டைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் ஆளிவிதைப் பொடியை மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் ஊறவைத்துப் போடலாம். தோழி ஒருத்திக்காகச் செய்திருக்கிறேன், கொஞ்சம் கனமாக வரும், தப்பில்லை.

ஃப்ரீசர் இல்லையென்றால் நான் இதை மூன்றாம் மாதமே விட்டிருப்பேன். வெளியே வைத்தால் மறுநாளே பிசுபிசுக்கும். ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று நாள் தாங்கும். நன்றாக ஆறவிட்டு, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறையவைத்து, அப்புறம் கவரில் போட்டுத் தேதி எழுதி வைத்தால் இரண்டு மாதம் வரை ருசி மாறாது. ஆறுவதற்கு முன்னால் கவரில் போட்டுவிட்டால் உள்ளே ஆவி படிந்து மேலெல்லாம் பனித்தூள், சூடு பண்ணினால் சொதசொத. மினி ஒன்றுக்கு மைக்ரோவேவில் 20 நொடி போதும். எடுத்ததும் பிட்டு நடுவைத் தொட்டுப் பாருங்கள், வெளியே இளஞ்சூடாக இருந்தாலும் உள்ளே சீஸ் கொதித்துக்கொண்டிருக்கும்.

சரி, இதனால் குழந்தை காய்கறி சாப்பிடப் பழகுமா? என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். என் வீட்டில் பழகவில்லை. இரண்டு வயதில் மூத்தவள் கேரட் மஃபினை நாலு ஐந்து என்று தின்பாள், தட்டில் ஒரு கேரட் துண்டைப் பார்த்தால் தட்டையே தள்ளிவிடுவாள். அவளைப் பொறுத்தவரை அது சீஸ் பன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதபோது அதற்குப் பழகுவது எப்படி? அப்புறம் ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு கப் காய்கறி, 24 மினி, அப்படியென்றால் ஒன்றில் இரண்டு டீஸ்பூன். காய்கறி சாப்பிட்டுவிட்டாள் என்று நான் நிம்மதியாகத் தூங்கிய இரவுகளை நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஒளித்து வைப்பதை அதோடு நிறுத்திவிட்டேன். மஃபின் போடும் நாளில் அதே காயில் இரண்டு துண்டை வேகவைத்து ஓரமாக வைப்பேன், தின்னச் சொல்ல மாட்டேன். எத்தனையோ தடவை அது அப்படியே குப்பைக்குப் போனது. ஒருநாள் நக்கினாள், இன்னொரு நாள் கடித்துத் துப்பினாள், இப்போது கேரட் சாப்பிடுகிறாள், பீன்ஸ் இன்னும் இல்லை.

அப்படியிருந்தும் ஏன் செய்கிறேன் என்றால், வெளியே கிளம்பும் நாளில் கையில் எடுத்துக்கொண்டு போக, காய்ச்சல் தேறி வரும் நாளில் எதையாவது மெல்ல, மாலை ஆறு மணிக்குச் சாப்பாடு தயாராகாமல் இரண்டும் சேர்ந்து கத்தும்போது வாயில் போட, எனக்கு இதைவிடக் கைகொடுப்பது வேறில்லை. சத்துக்காக இல்லை, என் சௌகரியத்துக்காக என்று ஒப்புக்கொண்ட பிறகு மஃபின்மேல் எனக்கு வருத்தமே இல்லை.

துணியில் பிழியும் வேலையை இப்போது மூத்தவள் எடுத்துக்கொண்டாள். ஸ்டூலில் ஏறி நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்குவாள், தண்ணீர் சொட்டும்போது "இன்னும் இருக்கும்மா, இன்னும் இருக்கு" என்று கத்துவாள். இந்த வாரம் பீட்ரூட் வேண்டுமாம். தரையை யார் துடைப்பது என்று நானும் அவள் அப்பாவும் இன்னும் பேசி முடிக்கவில்லை.