மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரைக் கார்னிவல்: ராட்டினம் சரி, கப்பல் வேண்டாம்

பெரிய ராட்டினத்துக்குக் குறை சொல்ல முடியாது. மணல் இறங்காதபடி கால்களுக்கடியில் தடித்த மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியிருக்கிறார்கள். கதவுகளுக்குக் கொளுக்கி, அதற்குமேல் தனி ஊசியும் உண்டு.

கப்பல் ஊஞ்சல்தான் பயம். மடியை அழுத்தும் கம்பியின் பூட்டு ஊசி கழன்றுவிடாமல் இருக்க ஸ்பிரிங் கிளிப் போட வேண்டும். பின்வரிசையில் அதற்குப் பதிலாகக் கட்டுக்கம்பி சுற்றியிருக்கிறது. ஆட்டத்தில் அது வளைந்து வளைந்து முறியும்; உப்புக்காற்றில் இன்னும் சீக்கிரம். பெரியவர் இருவருக்கு நடுவில் பிள்ளையை இருத்துகிறார்கள். மடிக்கம்பி பெரியவரின் தொடையில் முட்டி நின்றுவிடும், பிள்ளைக்கு மேலே வெற்றிடம். உச்சியில் உடம்பு இருக்கையை விட்டு எழும்பும்போது பிள்ளை கீழால் வழுகும். பூட்டியபின் ஒவ்வொரு கம்பியையும் மேலே இழுத்துப் பார்ப்பது இயக்குபவரின் வேலை. இங்கே விசில் மட்டும்தான்.

டிக்கெட்டின் பின்னால் ‘உங்கள் சொந்தப் பொறுப்பு’ என்று அச்சடித்திருக்கிறது. நல்ல பகிடி. கவனயீனத்தால் வரும் மரணத்துக்கும் காயத்துக்குமான பொறுப்பை அப்படித் தட்டிக்கழிக்க இலங்கையின் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் விடாது. ஆள் இறந்தால் தண்டனைச் சட்டக்கோவை 298ஆம் பிரிவின்படி 5 வருடம் வரை சிறை. நட்டஈட்டு வழக்கு தனி. அதை 2 வருடத்துக்குள் போட வேண்டும். டிக்கெட்டை எறியாதீர்கள், ஏறுமுன் அந்தப் பூட்டு ஊசியைப் படமெடுங்கள்.