1560 போரா, 1619 போரா? வரலாற்று ஒப்படைக்கு எது பொருந்தும்

யாழ்ப்பாண இராச்சியத்தின் மீதான போர்த்துக்கேயர் படையெடுப்புகளில் எதை எழுதுவது என்று உயர்தர மாணவர் பலர் தடுமாறுகிறார்கள்.

காரணம்
1560: மன்னாரில் மதம் மாறியோரை 1544இல் முதலாம் சங்கிலி கொன்றது. அதற்கான படை வர 16 ஆண்டு பிடித்தது.
1619: அரசுரிமைச் சண்டை. 1617இல் இரண்டாம் சங்கிலி போட்டியாளரைக் கொன்று ஆட்சியைப் பிடித்தான். போர்த்துக்கேயருக்குத் தர வேண்டிய திறை நிலுவையும், சங்கிலிக்குத் தஞ்சை நாயக்கர் செய்த உதவியும் சேர்ந்துகொண்டன.

விளைவு
1560: தலைநகர் நல்லூர் விழுந்தும் வெற்றி நிலைக்கவில்லை. மக்கள் கிளர்ந்தெழ, படையை நடத்திவந்த போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு டி பிரகன்சா மன்னாருக்குப் பின்வாங்கிக் கோட்டை கட்டினான். வியப்பு வேறிடத்தில் உள்ளது: நல்லூரில் கிடைத்த, புத்தரின் பல் என்று கருதப்பட்ட பொருளுக்குப் பர்மாவின் பெகு மன்னன் பெருந்தொகை தர முன்வந்தும், 1561இல் கோவாவில் அதை இடித்துப் பொடியாக்கினார்கள். 1576இல் கோட்டே மன்னன் தர்மபாலன் பெகுவுக்கு இன்னொரு பல்லை அனுப்பினான்! படையெடுப்பொன்று பர்மா வரை இழுபட்டது இப்படித்தான்.
1619: இராச்சியமே முடிந்தது. இரண்டாம் சங்கிலிக்குக் கோவாவில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 1621இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேரா தலைமையிடத்தை நல்லூரிலிருந்து யாழ்ப்பாண நகருக்கு மாற்றினான்.

கள வேலை
1560: மன்னார்க் கோட்டை, யாழிலிருந்து போக ஒரு நாள் ஒதுக்குங்கள்.
1619: நல்லூரும் யாழ்க் கோட்டையும், சைக்கிளிலேயே போகலாம். ஆனால் இன்று தெரியும் ஐங்கோண மதில் ஒல்லாந்தர் வேலை. அதைப் போர்த்துக்கேயருடையது என்று எழுதாதீர்கள்.

இரண்டு சங்கிலிகளையும் ஒருவராக்கிவிடுவதே வழக்கமான பிழை. ஆண்டைப் பெயரோடு சேர்த்தே எழுதுங்கள்.

நேரம் குறைவென்றால் 1619. கடல் கடந்த தொடர்புகளை ஆராய விருப்பமென்றால் 1560. என் தெரிவும் அதுவே.