வால்ஸ் ஆன்லைன்: கேள்வியே படாத மொழிகளைத் தேடிப் பாக்க ஒரு சூப்பர் சைட்

விசித்திரமான மொழிகள்னு யூட்யூப்ல பாதி உண்மை பாதி கதையா நிறைய வருது, எது நிஜம்னு பாக்க நான் போறது வால்ஸ் ஆன்லைனுக்குத் தான். World Atlas of Language Structures (WALS), அதாவது உலக மொழிகளோட ஒலி, இலக்கண அமைப்பை மேப்ல காட்டுற தொகுப்பு. ஜெர்மனில லைப்ஸிக்ல இருக்கிற மாக்ஸ் பிளாங்க் இன்ஸ்டிட்யூட்ல உருவானது, 2005ல பெரிய புத்தகமா வந்துச்சு, 2008ல இருந்து நெட்ல ஃப்ரீ, லாகின் கூட வேணாம்.

2600க்கு மேல மொழி இருக்கு. ஆனா மொழி பேரை வச்சு தேடாதீங்க, சாப்டர் வழியா உள்ள போங்க, அதுல தான் சுகமே. ஒவ்வொரு சாப்டரும் ஒரு கேள்வி, அதுக்கு ஒரு உலக மேப், மேப்ல கலர் கலரா புள்ளி. முதல் சாப்டர் மெய்யெழுத்து ஒலிகள் எத்தனைன்னு. பொதுவா ஒரு மொழில 20 சொச்சம் இருக்கும், பப்புவா நியூ கினியால போகன்வில் தீவுல பேசுற ரொடோகாஸ்ல வெறும் 6, போட்ஸ்வானா நமீபியா பக்கம் பேசுற தா மொழில 122, அதுல பெரும்பாலும் நாக்கைச் சொடுக்கி எழுப்புற கிளிக் சத்தம்!

எனக்கு ரொம்பப் பிடிச்சது 81வது சாப்டர். எழுவாய், செயப்படுபொருள், வினை எந்த வரிசைல வருதுன்னு கிட்டத்தட்ட 1400 மொழில பாத்திருக்காங்க. நம்ம வரிசை தான் அதிகம், 560க்கு மேல. செயப்படுபொருள் முதல்ல, வினை நடுவுல, எழுவாய் கடைசில வர்றது 11 மொழி தான், அதுல ஒன்னு பிரேசில் அமேசான்ல பேசுற ஹிஷ்கர்யானா. மனுஷனைப் பிடிச்சது ஜாகுவார்னு சொல்ற மாதிரி. நாமளும் ஒரு அழுத்தத்துக்கு அப்படி சொல்லுவோம், அவங்களுக்கு அது தான் சாதாரண பேச்சே. 1970கள்ல டெஸ்மண்ட் டெர்பிஷையர்ங்கிற மொழியியல் ஆய்வாளர் இதை எழுதிக் காட்டுற வரைக்கும் இப்படி ஒரு வரிசை எந்த மொழிலயும் இருக்காதுன்னு தான் பெரிய ஆய்வாளர்களே நம்பிட்டு இருந்தாங்க. கொஞ்ச பேரே பேசுற ஒரு மொழி அவ்வளவு பெரிய நம்பிக்கையை உடைச்சிருக்கு, அந்த மொழி பதிவாகாமலே போயிருந்தா நமக்கு இது தெரிஞ்சே இருக்காதுல்ல? அதனால தான் இந்த மேப்ல இங்கிலீஷுக்கும் ஹிஷ்கர்யானாவுக்கும் ஒரே சைஸ் புள்ளின்னு பாக்கும்போது மனசு நிறையுது.

நாம், நாங்கள் வித்தியாசத்துக்கும் ஒரு சாப்டர் இருக்கு, அதைக் கண்டிப்பா பாருங்க. ரெண்டு மேப்பை ஒன்னு மேல ஒன்னு வச்சுப் பாக்கிற வசதியும் உண்டு. முக்கியமா, தகவல் எந்த இலக்கண நூல்ல இருந்து எடுத்ததுன்னு பல இடத்துல பக்க நம்பரோட போட்டிருக்காங்க, இந்த நேர்மை எனக்கு ரொம்பப் பெரிய விஷயம்.

குறைன்னா, நிறைய மொழிக்கு சில கேள்விக்குத் தான் பதில் இருக்கும், மீதி காலி. சாப்டர்கள் மொழியியல் படிச்சவங்களுக்கு எழுதின இங்கிலீஷ், புதுசா வர்றவங்களுக்கு மெதுவாத் தான் புரியும். எடிட்டர்கள் எடுத்த 100 மொழி சாம்பிள்ல திராவிட மொழின்னு கன்னடம் தான் இருக்கு, தமிழ் இல்ல, ஆனா தமிழுக்குத் தனிப் பக்கம் உண்டு. அப்புறம் இது மொழி கத்துக்கிற சைட் இல்ல, அதை நினைச்சு போகாதீங்க. சின்ன ஸ்க்ரீன்ல நியூ கினியா பக்கம் புள்ளிங்க ஒன்னு மேல ஒன்னு ஏறி நிக்கும், லேப்டாப்ல ஜூம் பண்ணிப் பாருங்க.

5க்கு 4.5.