வீட்டில் டீப்பாய் செய்ய எந்த மரம்? வேம்பு, பழைய தேக்கு, ரப்பர் பலகை, பிளைவுட்

போன சித்திரையில் ஒரு மத்தியானம், கூடத்திலிருந்து பட்டென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால், தை மாதம் நான் செய்து போட்ட வேப்பமரத்து டீப்பாயின் மேற்பலகை ஓரத்திலிருந்து ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்திருந்தது. பக்கத்துத் தெரு ஆசாரி வந்து குனிந்து அடியில் பார்த்தார். "ஈர மரத்தைப் போய் இப்படிச் சுற்றி இறுக்கலாமா தம்பி?" என்றார்.

வேம்பின் மேல் குற்றம் இல்லை. சித்தப்பா வீட்டுக் கொல்லையில் ஐப்பசிக் காற்றில் சாய்ந்த மரம் அது. மில்லில் அறுத்து, இரண்டே மாதம் வைத்திருந்து, வெளியே காய்ந்ததுபோலத் தெரிந்ததும் வேலையை ஆரம்பித்துவிட்டேன். பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டி, எட்டு ஸ்க்ரூவும் முடுக்கினேன். மதுரை வெயிலில் பலகை சுருங்கப் பார்த்தது, சட்டம் விடவில்லை. பலகை பிளந்தது.

மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது. அகலவாக்கில்தான் மழைக்காலத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். நன்றாகக் காய்ந்த மரத்திலேயே 20 அங்குல அகலப் பலகை பருவத்துக்குப் பருவம் 3, 4 மில்லிமீட்டர் அசைவது சாதாரணம். ஈர மரம் அதைவிட எவ்வளவோ அதிகம் சுருங்கும். அதற்குப் பிறகு இதே அளவில் இன்னும் மூன்று டீப்பாய் செய்துவிட்டேன்: ஒன்று பழைய தேக்கில், ஒன்று ரப்பர் பலகையில், ஒன்று பிளைவுட்டில். நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, மரத்தின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் அதில் ஈரம் எவ்வளவு என்று கேட்கும் ஆளாகிவிட்டேன்.

அளவைச் சொல்லிவிடுகிறேன். மேற்பலகை நீளம் 36 அங்குலம், அகலம் 20, கனம் 1. கால்கள் 2 அங்குலச் சதுரம், 16 அங்குல உயரம். பலகைக்கு அடியில் கால்களை இணைக்கும் சட்டம் 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனம். நீளப் பக்கம் 30, குறுக்குப் பக்கம் 14. மொத்தம் முக்கால் கன அடிக்குச் சற்றுக் குறைவாக வரும். இழைப்பிலும் அறுப்பிலும் போவதைச் சேர்த்து ஒரு கன அடி வாங்கினால் போதும். 17 அங்குல உயரம் சோபாவில் உட்கார்ந்தபடி டம்ளரை எடுத்து வைக்கச் சரியாக இருக்கும்.

வேம்பை இன்னமும் நான் ஒதுக்க மாட்டேன். கனமான, உறுதியான மரம். வைரம் பாய்ந்த பகுதியை உளுவும் கரையானும் லேசில் தொடாது. சொந்த மரம் விழுந்தால் விறகுக்குக் கொடுக்காமல் பலகையாக அறுத்து வையுங்கள். ஆனால் பொறுமை வேண்டும். பலகைகளுக்கு இடையில் ஒரே கனமுள்ள ரீப்பர்களை, அதாவது மெல்லிய மரச் சட்டங்களைக் கொடுத்து, நிழலில், காற்று புகும்படி அடுக்க வேண்டும். இரண்டு முனைகளிலும் பெயின்ட் அடித்துவிட்டால் அங்கே வெடிப்பு குறையும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. நம் வெயிலில் அதற்கு முன்பே காயலாம். ஊகிக்க வேண்டாம், ஒரு பலகையை வாரம் ஒருமுறை தொங்கு தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் மரம் தயார். இந்த ஒரு வேலையை அன்று நான் செய்திருந்தால் அந்தப் பலகை இன்று முழுசாக இருந்திருக்கும்.

அடுத்தது பழைய தேக்கு. என் மனசு சாய்வது இதன் பக்கம்தான், மறைக்கவில்லை. வீடு இடிக்கும்போது வரும் நிலை, கதவு, உத்திரம், கைமரம் எல்லாம் பழைய மரக்கடைகளில் கிடைக்கும். செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மாவிலிருந்து தேக்கு வந்த காலம் ஒன்று உண்டு. அந்த வீடுகளின் மரச் சாமான்களைக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இன்றும் விற்கிறார்கள். நமக்கு அந்த வேலைப்பாடு எல்லாம் தேவையில்லை. சாதாரண ஓட்டு வீட்டு நிலைச் சட்டம் போதும். 4 அங்குலத்துக்கு 2½ அங்குலச் சட்டத்தை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால், 2 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக இரண்டு கால் தேறிவிடும்.

பல பத்து வருடம் வெயிலையும் மழையையும் பார்த்த மரம், சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி அடங்கியிருக்கும்; பருவத்துக்கு வரும் சின்ன அசைவு மட்டும்தான் மிச்சம். தேக்கே மற்ற மரங்களைவிடக் குறைவாக அசையும் சாதி. அதில் பழசு என்றால் கேட்கவே வேண்டாம். கறுத்துப் போன மேல்தோலை இழைப்புளி சீவித் தள்ளும்போது உள்ளே தேன் நிறமும் அந்த எண்ணெய் வாசமும் வருமே, அதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

சிரமமும் இதில்தான் அதிகம். முதல் சிரமம் ஆணி. தலை ஒடிந்து உள்ளே புதைந்த ஆணி கண்ணுக்குத் தெரியாது. பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை ஒரு நூலில் கட்டி, பலகை மேல் மெதுவாக நகர்த்தினேன். ஒரே கதவுப் பலகையில் பதினொரு ஆணி. அத்தனையையும் எடுக்காமல் மில்லுக்குக் கொண்டு போனால் பிளேடு போய்விடும்; பல இடங்களில் பழைய மரத்தை அறுத்துத் தரவே தயங்குவார்கள். இரண்டாவது, தேக்கில் மணல் சத்து உண்டு, உளியும் இழைப்புளியும் சீக்கிரம் மழுங்கும். மூன்றாவது, தேக்கில் உள்ள எண்ணெய், பசையை ஒட்டவிடாது. ஒட்டும் பக்கத்தைப் புதிதாக இழைத்து, தின்னர் தொட்ட துணியால் துடைத்து, உடனே ஒட்டிக் கிளாம்ப் போட வேண்டும். தூள் மூக்கை எரிக்கும், முகக்கவசம் இல்லாமல் உப்புத்தாள் போடாதீர்கள். வாங்கும்போது வெளிறிய வெள்ளைப் பகுதி அதிகமுள்ள கட்டையைத் தள்ளிவிடுங்கள். தேக்கே ஆனாலும் வெள்ளையைக் கரையான் தின்னும்.

ரப்பர் பலகை டீப்பாயைத் தங்கை வீட்டுக்காகச் செய்தேன். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் 25, 30 வருடம் பால் எடுத்து முடித்த மரங்களை வெட்டி, சின்னச் சின்னத் துண்டுகளை விரல் கோத்தாற்போல் இணைத்து அழுத்திய பலகை இது. ரப்பர் மரம் பச்சையாக இருந்தால் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், உளுத்தும் போகும். அதனால்தான் போரான் மருந்து ஏற்றி, சூளையில் காயவைத்து விற்கிறார்கள். நமக்கு அது லாபம்: வாங்கின அன்றே வேலையைத் தொடங்கலாம். பலகை நேராக இருக்கும், ஆணி இருக்காது, ஸ்க்ரூ நன்றாகப் பிடிக்கும். கால்களுக்கு 18 மில்லிமீட்டர் பலகையில் மூன்று பட்டையை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி இழைத்துக்கொண்டேன். இரண்டு சனி, ஞாயிறில் வேலை முடிந்தது. தேக்குக்கு ஆறு வாரம் பிடித்தது. ஆனால் ஈரத் தரையிலோ பால்கனியிலோ இதைப் போடக் கூடாது. துண்டு துண்டான அந்த நிற வித்தியாசத்தை எல்லோருக்கும் பிடிக்கும் என்றும் சொல்ல முடியாது. எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, தங்கைக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

பிளைவுட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மெல்லிய மரத் தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் அது அநேகமாக விரியாது, சுருங்காது. பலகையைச் சட்டத்தோடு எப்படி வேண்டுமானாலும் இறுக்கலாம். ஈரத்தை ஓரளவு தாங்கும் எம்.ஆர். (MR) வகை உள்ளறைக்குப் போதும்; காபியும் தண்ணீரும் கொட்டும் வீடு என்றால் கொதிநீரையும் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். (BWR) வாங்குங்கள். இரண்டுக்கும் இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 303 முத்திரை உண்டா என்று பாருங்கள். ஓரத்தில் அடுக்குகள் தெரியும், அதை மறைக்க மரப் பீடிங் (மெல்லிய மரப் பட்டி) ஒட்ட வேண்டும். ஓரத்தில் போடும் ஸ்க்ரூ பிடிக்காது. கால்களுக்கு எப்படியும் கட்டை மரம்தான் தேவைப்படும். முழு ஷீட் எட்டுக்கு நாலு, 18 மில்லிமீட்டரில் 35 கிலோ பக்கம் வரும். கடையில் துண்டு கிடைத்தால் அதையே கேளுங்கள். அமுக்கிய மரத்தூள் பலகை மட்டும் வேண்டவே வேண்டாம், ஒருமுறை ஓரம் நனைந்தால் ஊதிவிடும்.

இதுவரை ரம்பமே பிடிக்காதவர் என்றால், பேக்கிங் பெட்டி பைன் மரத்தில் கை பழகுங்கள். மென்மையான மரம், விலையும் குறைவு. பலகையில் உள்ள முத்திரையில் எச்.டி. (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு போட்டது, எம்.பி. பலகையை வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள்.

ஆக, நேரமும் இழைப்புளியும் இருக்கிறவருக்குப் பழைய தேக்கு. இரண்டு வாரத்தில் முடிக்க வேண்டியவருக்கு ரப்பர் பலகை. சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு மைக்கா ஒட்டிய பிளைவுட். சொந்த வேம்பு இருந்தால் அடுத்த வருடத்துக்கு.

பிளைவுட் தவிர எதை எடுத்தாலும், பலகையைச் சட்டத்தோடு ஒட்டாதீர்கள். சட்டத்தில் போடும் ஸ்க்ரூத் துளைகளைப் பலகையின் அகலவாக்கில் அரை அங்குலம் நீட்டி, வாஷர் வைத்து, கைக்கு இறுகும் அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். அப்புறம் எண்ணெய்ப் பூச்சு. ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம். கொடியில் விரித்து நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள்.

பிளந்த வேப்பம்பலகையைக் கழற்றி, வெடிப்போடு சேர்த்து நீளவாக்கில் அறுத்து, காய்ந்த இரண்டு துண்டையும் மறுபடி ஒட்டிவிட்டேன். 20 அங்குலம் 17 ஆகிவிட்டது. இந்த முறை துளைகளை நீட்டித்தான் மாட்டியிருக்கிறேன்.